மச்சானின் நெஞ்சு நோவும் நான் மாற்றிச் சொன்ன பதிலும்

என் மச்சான் ‘ஓம்’ என்று சொன்னதை நான் மருத்துவரிடம் ‘இல்லை’ என்று மொழிபெயர்த்தேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் சொந்த நோயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி, வாசிப்பவர்களின் அனுதாபத்தைச் சம்பாதித்துக்கொண்டு, இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஏதாவதொரு மூலையில் ஒளித்து வைப்பேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

மச்சான் என்று நான் சொல்வது என் தங்கை சரோவின் கணவர் குலசிங்கத்தை. எங்களுக்கு அவர் குலம்; அவரும் என்னை மச்சான் என்றே கூப்பிடுவார். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் முழங்கால் தேயும்வரை நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவர். சரோ முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறாள். இருவரும் டென்மார்க்கின் வைலே நகரில், என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பு தள்ளி இருக்கிறார்கள். நான் ஊரில் இரசாயனம் படிப்பித்தவன். இங்கே ஓர் உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றேன். மனைவி இறந்த பின் தனியாக இருக்கிறேன். மகள் நிரோஜா ஓகூஸ் நகரில் இருக்கிறாள்.

முதலில் நோய் வந்தது எனக்குத்தான். வைலே மேடும் பள்ளமுமான ஊர். கடைத்தெருவிலிருந்து என் வீட்டுக்கு வர ஒரு ஏற்றம் ஏறவேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஏற்றத்தின் நடுவில் நெஞ்சுக்கு நடுவே ஒரு கை வைத்து அழுத்துவதுபோல வரும். இடது தாடைவரை இழுக்கும். நான் நின்று, கீழே தெரியும் கடல்வாயைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்வேன். கொஞ்ச நேரத்தில் போய்விடும். குழாய் ஒடுங்கி, இதயத் தசை கேட்கும் அளவு இரத்தம் வராதபோது அந்தத் தசை செய்யும் முறைப்பாடு அது என்று பின்னர் அறிந்தேன். மருத்துவர்கள் அதை ஆஞ்ஜைனா என்பார்கள். இளைப்பாறினால் அடங்கும், ஏறினால் திரும்ப வரும்.

நான் யாருக்கும் சொல்லவில்லை. காசு இல்லாததால் வைத்தியரிடம் போகவில்லை என்று சொல்ல இந்த நாட்டில் வழியில்லை. இங்கே ஆஸ்பத்திரி பில் அனுப்புவதில்லை. நான் பயந்தது வேறொன்றுக்கு. தன் வீட்டுக்கு அருகே முதியோருக்கான ஒரு அறைக்கு என்னை மாறச்சொல்லி நிரோஜா நெருக்கிக்கொண்டிருந்தாள். நெஞ்சு நோகிறது என்று வாய் திறந்தால் என் வீடு போய்விடும் என்று நினைத்தேன்.

ஒரு காலையில் தேநீர் போட்டுக்கொண்டு நின்றபோது அந்தக் கை வந்தது. இம்முறை அது விலகவில்லை. சட்டை வியர்வையில் நனைந்தது. மகளுக்குப் போன் அடிக்காமல் குலத்துக்கு அடித்தேன். “மச்சான், நெஞ்சு...” என்றதுமே அவர் போனை வைத்துவிட்டார். அவருடைய டேனிஷ் தொழிற்சாலை டேனிஷ். அவசர இலக்கத்துக்கு அடித்து, “கிழவன். நெஞ்சு. கெதியாய்” என்று மூன்றே சொல்லும் என் விலாசமும் சொல்லியிருக்கிறார். அம்புலன்ஸ் வரமுன் அவரே வந்துவிட்டார், பனிக்குள் வீட்டுச் செருப்போடு.

“சாகாதேயுங்கோ மச்சான். உங்கடை பெரிய பெரிய புத்தகமெல்லாம் பிறகு என்ரை தலையிலைதான் விழும்.”

அவர் அப்படித்தான். பயந்தால் பகிடி விடுவார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அடைத்திருந்த இடத்தை உள்ளே ஒரு சிறு பலூனால் விரித்து, அது திரும்ப மூடாமல் இருக்க ஒரு கம்பிவலைக் குழலை வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டே இருந்தேன். நோ நிற்கும்போது ஒரு குழாயைத் திறந்துவிட்டதுபோல நின்றது. அந்த நிம்மதியில் அழுதேன். தாதி அது மருந்தின் வேலை என்று நினைத்துக் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

வார்ட்டில் கிடந்த நாட்களில் என்னைப் பார்த்துக்கொண்டவர்களை எழுதாமல் விட்டால் இந்தக் குற்றத்தின் அளவு விளங்காது. சரோ இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் ரயிலேறி, சூடாறாத குடுவையில் ரசமும், தேங்காய்ப்பால் விடாத சொதியோடு இடியப்பமும் கொண்டு வருவாள். குலம் என் சவர இயந்திரத்தைக் கொண்டுவந்து எனக்குத் தாடி வழித்துவிட்டார். கால் விறைக்கிறது என்றேன்; போர்வைக்குள் கையை விட்டுப் பாதத்தைத் தேய்த்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த டேனிஷ் கிழவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உன் தம்பியா?” என்று கேட்டார். ஆம் என்றேன். அது விளக்கமாகச் சொல்ல அலுத்துப்போய்ச் சொன்னது. இப்போது நினைத்தால் உண்மை அதுதான்.

பிறகு எக்கோ எடுத்தார்கள். கருவில் இருக்கும் பிள்ளையைப் பார்க்கும் அதே ஒலிக் கருவியால் இதயம் அடிப்பதைப் பார்ப்பது. இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு அடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எவ்வளவை வெளியே தள்ளுகிறது என்று அளப்பார்கள். நல்ல இதயம் பாதிக்கு மேல் தள்ளும். மாரடைப்பில் தசை செத்தால் அளவு இறங்கும். என் அளவு ஏறக்குறைய பாதியில் நின்றது. இவ்வளவு பெரிய அடைப்புக்கு அது எதிர்பாராத நல்ல முடிவு என்றார் மருத்துவர். நடுத்தர வயதுக்காரர், அவசரப்படாதவர். கட்டில் ஓரத்தில் அமர்ந்து கேட்டார்: “இதற்கு முன் நெஞ்சு வலி வந்து போனதா?”

மகள் இல்லாத நேரம் என்பதால் உண்மையைச் சொன்னேன்.

அவர் சொன்னதை இன்றும் சொல்லுக்குச் சொல் சொல்வேன். சின்னச் சின்னதாக இரத்தம் குறைந்து, திரும்ப வந்து பழகிய இதயத் தசை, பெரிய அடைப்பு வரும்போது சில வேளைகளில் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். பக்கத்துச் சிறு குழாய்களும் சற்றுத் திறந்திருக்கக்கூடும். முன்பு வலி வந்து போனவர்களில் சிலருடைய இதயம் பிறகு நன்றாக இயங்குவது இதனால் இருக்கலாம். அது முதற் பாதி. இரண்டாம் பாதி இது: எல்லோருக்கும் அப்படி அமையாது, வயதானவர்களிடமும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர்களிடமும் இன்னும் குறைவு. அதை நம்பிக் காத்திருக்கவே கூடாது. உங்களைக் காப்பாற்றியது நீங்கள் கெதியாக ஆஸ்பத்திரிக்கு வந்ததுதான். அந்த முதல் வலியோடு வந்திருந்தால் மாரடைப்பே வராமல் தடுத்திருக்கலாம்.

அன்று பின்னேரம் வார்ட்டின் இருப்பறையில் நிரோஜா, சரோ, குலம் மூவரும் இருந்தார்கள். எனக்கு முதலே நோ இருந்ததை நிரோஜா எப்படியோ அறிந்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு டேனிஷ்தான் வரும். “இரண்டு கிழமை! பதினாலு நாள் என்னிடம் போனில் நல்ல சுகம் என்றீர்கள்” என்று டேனிஷில் கத்தினாள்.

தோற்க எனக்கு மனமில்லை. “டொக்டர் என்ன சொன்னவர் எண்டு தெரியுமே? அந்த நோ வந்தது நல்லதாம். அது என்ரை இருதயத்தைப் பழக்கினதாம்” என்றேன். வகுப்பறைக் குரல் தானாக வந்தது. “கண்ணாடிக் குவளையிலை திடீரெண்டு கொதிதண்ணி ஊத்தினால் வெடிக்கும். மெல்ல மெல்லச் சூடாக்கினால் தாங்கும். அதுபோலைதான்.”

“அப்படியா சொன்னார்?” நிரோஜா நம்பாமல் பார்த்தாள்.

“ஓம்.”

குலம் தொடையில் தட்டிச் சிரித்தார். “அப்ப மச்சானின்ரை நெஞ்சும் பள்ளிக்கூடம் போய்ப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கு!”

வீடு திரும்பிய பிறகும் அந்தக் குவளையை நான் விடவில்லை. கோவில் மடப்பள்ளி வாசலில் சொன்னேன். பிறந்தநாள் விழாவில் சொன்னேன். ஒரு செத்தவீட்டில்கூடச் சொன்னேன். கேட்பவர்கள் தலையாட்டினார்கள். என் மறைப்பு மெல்ல மெல்ல ஒரு கெட்டித்தனமாக மாறியது.

அடுத்த குளிர்காலம் பஸ் தரிப்பில் நானும் குலமும் நின்றோம். அவர் நெஞ்சைத் தடவி, “எனக்கும் குவளை சூடாகுது போலை கிடக்கு” என்றார். நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன் என்றுதான் எனக்கே நான் இவ்வளவு நாளும் சொல்லி வந்தேன். அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். கை நெஞ்சில் இருந்ததையும் கண்டேன். பஸ் வந்தது, ஏறினோம்.

சில நாள் கழித்து ஒரு காலை சரோ வேலையால் வந்து பார்த்தபோது, அவர் கதிரையில் சாம்பல் நிறமாக உட்கார்ந்திருந்தாராம். முதல் நாள் பின்னேரம் வந்த நோ போய்விடும் போய்விடும் என்று விடியும்வரை காத்திருந்திருக்கிறார். சரோவின் போன் வந்து நான் டாக்சியில் போய்ச் சேர, அம்புலன்ஸ் புறப்பட நின்றது. ஒருவர்தான் ஏறலாம். சரோ என் கையைப் பிடித்துத் தள்ளினாள். “நீங்கள் போங்கோ அண்ணை. உங்களுக்கு இந்த வருத்தம் தெரியும், கதைக்கவும் தெரியும். என்னாலை இப்ப ஒண்டும் ஏலாது.”

ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலோடு உருட்டிக்கொண்டே ஓர் இளம் மருத்துவர் என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பாளரைத் தேட நேரமில்லை. நான் உறவினர், நன்றாக டேனிஷ் பேசுவேன் என்றேன். “இந்த வலி எப்போது தொடங்கியது?” நேற்றுப் பின்னேரம் என்று அவர் சொன்னார், நான் அப்படியே சொன்னேன். “இதற்கு முன் வந்து போனதா?”

குலம் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார்: “ஓம்... ரெண்டு மூண்டு கிழமையாய் வந்து வந்து போகுது. நீங்கள் சொன்னியள்தானே மச்சான். சூடேறட்டும் எண்டு விட்டனான்.”

மருத்துவர் என் முகத்தைப் பார்த்தார். நான் டேனிஷில் சொன்னேன்: “நை. இல்லை, முன்பு ஒருபோதும் வரவில்லை.”

குலம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கதவு திறந்தது, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள்.

ஏன் சொன்னேன்? ஓம் என்றால் அடுத்த கேள்வி ‘பிறகு ஏன் வரவில்லை’ என்பதாக இருக்கும், அதற்குப் பதில் என் பெயர் என்று பயந்தேன். அப்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவர்களுக்கு அதற்கு நேரமில்லை.

அவருக்கும் குழாயைத் திறந்து வலைக்குழல் வைத்தார்கள். ஆனால் இரவு முழுக்க இரத்தமில்லாமல் கிடந்த தசை செத்துவிட்டது. எக்கோவில் அவருடைய இடது அறை கால்வாசிதான் தள்ளியது. அதன் பொருளைச் சரோவுக்கு நானே விளக்கினேன்: படியேற மூச்சு வாங்கும், கால் வீங்கும், தட்டையாகப் படுக்கமுடியாது. அவளிடம் மருத்துவர், “எந்த முன்னறிகுறியும் இல்லாமல் வந்திருக்கிறது” என்றார். என் பொய் அவர் வாய்வழியாகத் திரும்பி வந்தது.

அந்த ஒரு வசனம் என் தங்கையைப் பிடித்துக்கொண்டது. வருத்தம் வந்த பின்னேரம் அவள் குலத்தோடு சண்டை பிடித்திருக்கிறாள். அவர் கருவாடு பொரித்து வீடெல்லாம் மணந்ததற்காக. ‘போட்டு வாறன்’ என்று விடைபெறாமல் கதவை அடித்துச் சாத்திவிட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். முன்னறிகுறி ஒன்றுமில்லை என்றால் காரணம் அந்தச் சண்டைதான் என்று முடிவு கட்டினாள்.

பிறகு அவள் குரல் உயர்த்தியதே இல்லை. எதற்கும் சுள்ளென்று பதில் சொல்கிற சரோ, அவர் என்ன சொன்னாலும் “ஓமப்பா” என்றாள். இரவு வேலையை விட்டாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தே நித்திரை கொண்டாள். முகம் வற்றிப்போனது. கோடை வந்தும் அப்படியே. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பாராமல் கேட்டாள்:

“அண்ணை, கோவத்தாலை நெஞ்சடைக்குமோ?”

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். ஆசிரியர் குரலில், “அப்பிடி உறுதியாய்ச் சொல்லேலாது” என்றேன். அவள் தலையாட்டினாள். இல்லை என்று நான் சொல்லவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

குலத்துக்கு, இதயம் திடீரென்று தாளம் தப்பினால் மின்னதிர்ச்சி கொடுத்துத் திருத்தும் சிறு கருவியைத் தோலுக்கடியில் வைப்பது பற்றிக் கதைக்க இதயக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. சரோ எனக்குப் போன் எடுத்தாள். “நீங்களும் வரவேணும் அண்ணை. நீங்கள் கதைச்சால்தான் எனக்கு நிம்மதி.” போனை வைத்த பிறகு என்னால் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை. இது நோயல்ல என்று அறிய எனக்கு மருத்துவர் தேவைப்படவில்லை.

அன்றே போனேன். அவள் குசினியில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். குலம் அடுத்த அறையில் சாய்கதிரையில். நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன்: குவளை, மருத்துவர் சொன்னதில் நான் விழுங்கிய பாதி, பஸ் தரிப்பு, ‘நை’.

சரோ கத்தியை வைத்தாள். அடுப்பை நிற்பாட்டினாள். “இஞ்சேருங்கோ,” என்று உள்ளே பார்த்துக் கேட்டாள், “அண்ணை சொல்லுறது உண்மையே?”

குலம் சாய்கதிரையில் நிமிர்ந்தார். பிறகு, “உண்மைதான்” என்றார்.

“அப்ப இவர் மாத்திச் சொன்னது உங்களுக்கு விளங்கினது?”

“நை எண்டது விளங்காதே? முப்பது வருசம் அந்த ஒரு சொல்லை வைச்சுத்தான் இந்த நாட்டிலை சீவிச்சனான்.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“உன்ரை அண்ணையெல்லே. நான் சொன்னால் நீ அவரோடை கதைக்கமாட்டாய். அவருக்கும் ஆர் இருக்கினம்?”

அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார், இரண்டாம் தடவையாக. சரோவுக்கு அப்போதுதான் பழைய குரல் வந்தது. அழுகையோடு வந்தது.

“ரெண்டு பேருமாய்ச் சேர்ந்து என்னை எரிய விட்டனீங்கள்! ஒரு துண்டுக் கருவாட்டுக்காக நான் என்ரை புருசனைக் கொல்லப் பாத்தனான் எண்டு ஒவ்வொரு நாளும் செத்தனான். நீங்கள் ரெண்டு பேரும் இந்த வீட்டிலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்!”

கொஞ்ச நேரத்தில் முகத்தைத் துடைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “கிளினிக்குக்கு வாங்கோ. மொழிபெயர்க்க இல்லை. அங்கை டொக்டருக்கு முன்னாலை நீங்களே உங்கடை வாயாலை சொல்லுங்கோ. நான் கேக்கவேணும்.”

சொன்னேன். இவ்வளவு காலம் பழகிய டேனிஷ் மொழி அன்று வாய்க்குள் கல்லாகக் கிடந்தது. மருத்துவர் கோபப்படவில்லை, அது எனக்கு உதவியாகவும் இல்லை. அன்றைய சிகிச்சை பெரும்பாலும் அதேதான் இருந்திருக்கும் என்றார். இம்முறை அந்தப் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, மீதியையும் எழுதுகிறேன். “ஆனால் நோயாளி சொன்னது எங்களுக்கு வரவேண்டும். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று தீர்மானிப்பது உங்கள் வேலை அல்ல. உங்களுக்கும் முன்பே வலி வந்தது, இவருக்கும் வந்தது. நீங்கள் உடனே வந்தீர்கள், இவர் இரவு முழுக்க இருந்தார். முன்பு வந்த வலி தசைக்குக் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுக்கலாம். கொடுக்காமலும் விடலாம். ஓர் இரவை ஒருபோதும் கொடுக்காது.”

சரோ அவரிடம் நேராகக் கேட்டாள்: “சண்டையால் வந்ததா?” ஒடுங்கிய குழாய் வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு மாலைச் சண்டையின் மேல் போடமுடியாது என்றார். அவள் தோள் இறங்கியதைக் கண்டேன். அதற்காக அவள் என்னை மன்னித்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கதை சொன்ன இடமெல்லாம் போய் மற்றப் பாதியையும் சொல்ல முயன்றேன். அது எடுபடவில்லை. கோவிலில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஆனாலும் மாஸ்டர், அந்தக் குவளைக் கதை நல்ல கதை” என்றார். இப்போது யாரைக் கண்டாலும் ஒன்றைத்தான் சொல்கிறேன்: நெஞ்சு நோ வந்து போனால் வைத்தியரிடம் போங்கோ, போகாமல் நின்றால் அவசர இலக்கத்துக்கு அடியுங்கோ. அதில் அழகு ஒன்றுமில்லை. ஆகையால் யாரும் அதைத் திருப்பிச் சொல்வதில்லை.

சரோ என்னோடு தேவைக்குக் கதைக்கிறாள். ரசக் குடுவை வருவதில்லை. குலத்தின் சந்திப்புகளுக்கு ஆஸ்பத்திரி ஒழுங்கு செய்யும் மொழிபெயர்ப்பாளர்தான் வருகிறார். நான் கூடப் போகலாம், ஆனால் வெளியே தாழ்வாரத்தில் இருக்கவேண்டும். அது சரோவின் சட்டம். நியாயமான சட்டம்.

கருவி வைத்த பிறகு எடுத்த எக்கோவின் முடிவு சொல்கிற நாளும் அப்படித்தான் இருந்தேன். கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோ ஒரு பெண் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் ஓசை மட்டும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. கதவு திறந்து குலம் வந்தார். சரோ உள்ளே அடுத்த சந்திப்புக்குத் தவணை எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரைப் பிடித்து நடந்து வந்து, என் பக்கத்துக் கதிரையில் இருந்து, மூச்சை ஆற்றிக்கொண்டார்.

“என்னவாம் மச்சான்?” என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று கட்டிலில் படுத்தபடி பார்த்த அதே பார்வை.

“முழுக்கச் சொல்லட்டோ? பாதி சொன்னால் காணுமோ?”

“முழுக்கச் சொல்லும்,” என்றேன்.

அவர் சொன்னார். நல்லது கொஞ்சம் இருந்தது, கெட்டது அதைவிடக் கூடுதலாக இருந்தது. நான் இடையில் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.